அலாஸ்கா கப்பல்: திறந்த பால்கனியா, கண்ணாடி இறங்கும் அறையா?

மழைநகரவாசி:
வணக்கம். சியாட்டிலில் இருக்கிறோம். ஜூன் மாதம் அப்பா, அம்மா கோவையிலிருந்து வருகிறார்கள். அவர்களை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போவதாக இருக்கிறோம். எங்களுக்கு ஒரு கேபின், அவர்களுக்கு ஒன்று. செலிபிரிட்டி கம்பெனியின் எட்ஜ் கப்பலில் 'இன்ஃபினிட் வெராண்டா' என்று ஒரு வகை இருக்கிறது. வெளியே தனியாகப் பால்கனி கிடையாது. அறையே கப்பலின் விளிம்பு வரை போகிறது, அங்கே சுவருக்குப் பதில் கண்ணாடி, பட்டனை அழுத்தினால் அதன் மேல்பாதி கீழே இறங்கும். ஏறக்குறைய அதே விலைக்கு வேறொரு கம்பெனியின் கப்பலில் வழக்கமான பால்கனி கிடைக்கிறது, கதவைத் திறந்து வெளியே போய் நிற்கிற மாதிரி. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்காரர் கண்ணாடி என்கிறார், நான் பால்கனி என்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
பால்கனிதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை மேடம். அலாஸ்காவுக்குக் காசு செலவழித்துப் போவதே வெளியே நிற்கத்தான். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ பக்கத்தில் எண்டிகாட் ஆர்ம் என்று ஒரு ஒடுங்கிய கடற்கழி இருக்கிறது. கப்பல் உள்ளே போனால் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, மேலேயிருந்து நூல் நூலாக அருவி, கடைசியில் டாவ்ஸ் பனியாறு. பனிப்பாளம் உடைந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் அப்புறம்தான் வரும், ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் மூன்று விநாடி கழித்து. அந்த நேரத்தில் தலைக்கு மேலும் பக்கத்திலும் ஜன்னல் சட்டம் இல்லாமல் நிற்க வேண்டும்.

நம் ஊர் அபார்ட்மென்ட்டில் பால்கனிக்கு ஸ்லைடிங் கண்ணாடி போட்டு மூடிவிட்டு 'ரூம் பெரிசாயிடுச்சு' என்பார்களே, அதே வேலையைத்தான் கப்பல் கம்பெனியும் செய்திருக்கிறது. என்ன, அதைப் பால்கனி விலைக்கு விற்கிறது.

வரைபலகை:
ரூம் பெரிசாகிறது என்பது உண்மைதானே, உப்புக்காற்று? கட்டட வரைவு என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாதாரணப் பால்கனி கேபினில் கண்ணாடிக் கதவும் சுவரும் நாலைந்து அடி உள்ளே தள்ளி நிற்கும். அதற்கு வெளியே இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை. இந்த இடத்தைக் கடலில் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பயன்படுத்துவீர்கள்? கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அது மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றே அடிக்காத நாளிலும் அந்த வேகத்துக் காற்று பால்கனியை உரசிக்கொண்டு போகும், அதுவும் அலாஸ்காவின் பத்து, பன்னிரண்டு டிகிரிக் குளிரில். அப்புறம் மழை. கப்பல்கள் நிற்கும் அலாஸ்கா ஊரான கெட்சிக்கானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். மேல்தளப் பால்கனி கூரையாக இருந்தாலும் சாரல் நாற்காலியை நனைத்துவிடும்.

எட்ஜ் 2018இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி முடித்தது. அறை அலங்காரம் பிரிட்டிஷ் உள்ளலங்கார வடிவமைப்பாளர் கெல்லி ஹாப்பன். வராந்தாப் பகுதியையும் சேர்த்தால் கேபின் ஏறத்தாழ 240 சதுர அடி, அது முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் ஆகாத அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து நாள் முழுக்கத் திமிங்கிலம் தேடலாம். அப்பா விஷயமும் இருக்கிறது. பல கப்பல்களில் பால்கனிக் கதவுக்குக் கீழே தண்ணீர் உள்ளே வராமலிருக்க உயரமான நிலைப்படி வைத்திருப்பார்கள். கதவும் கனம், எதிர்க்காற்றில் தள்ளித் திறக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இதெல்லாம் தினசரித் தொல்லை.

ரைன்கரை:
ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கண்ணாடி யோசனை எங்கட ஆற்றுக் கப்பல்களிலிருந்து போனது, செலிபிரிட்டியே அப்படித்தான் சொன்னது. ஆற்றில் ஏன் வந்தது என்று தெரிந்தால் கடலுக்குத் தேவையா என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

ரைன், மைன், டான்யூப் வழியில் நீர்ப்பூட்டுகள் (நீர்மட்டத்தை உயர்த்தி இறக்கிக் கப்பலைக் கடத்திவிடும் கதவுத் தொட்டிகள்) 12 மீட்டர் அகலம். அதனால் கப்பல்கள் 11.4 மீட்டரோடு நிற்கும். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள். வெளியே பால்கனி விட்டால் அந்த அளவு அறையில்தான் வெட்டு விழும். ஆனபடியால் கதவைத் திறந்தால் உடனே கம்பி, நிற்க இடமில்லாத 'பிரெஞ்சு பால்கனி' வந்தது. அவலான் நிறுவனத்துக் கப்பல்களில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, ஏழடி அகலத்துக்கு ஜன்னலைத் திறக்க விட்டிருக்கிறார்கள். ஆற்றில் அதற்குப் பிழை சொல்ல ஏலாது. கரை கிட்ட, வேகம் குறைவு, அலை இல்லை.

எட்ஜ் அப்படியில்லை. 306 மீட்டர் நீளக் கப்பல், அதற்கு எந்தப் பூட்டும் குறுக்கே நிற்கவில்லை. இட நெருக்கடியில் பிறந்த ஏற்பாட்டை இடமுள்ள கப்பலுக்கு ஏன் கொண்டுபோக வேணும்?

டெக்மாமா:
மூடிய வராந்தா ஆற்றிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாதுங்க. டைட்டானிக்கிலேயே பி டெக்கில் இரண்டு பெரிய சூட்களுக்குத் தனித்தனியாக ஐம்பதடி நடைமேடை இருந்தது. ஜன்னல் போட்டு மூடியதுதான் இரண்டும். வட அட்லாண்டிக் குளிரில் பணக்காரர்கள் அப்படித்தான் கேட்டார்கள். நாம் இன்று 'பால்கனி கேபின்' என்று சாதாரணமாகச் சொல்வது 1984இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலுக்கு அப்புறம் பரவிய பழக்கம். இளவரசி டயானா பெயர் சூட்டிய கப்பல் அது. எல்லாக் கேபினும் வெளிப்பக்கம் பார்த்த மாதிரி கட்டினார்கள், பலவற்றுக்குப் பால்கனி வைத்தார்கள். அதற்கு முன்னால் நம்மைப் போன்றவர்களுக்கு வட்ட ஜன்னல் கிடைத்தாலே பெரிய விஷயம்.

திறந்த பால்கனிக்கு ஒரு கெட்ட நாளும் உண்டு. 2006 மார்ச்சில் ஜமைக்கா பக்கம் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ பக்கத்துப் பால்கனிகளுக்குத் தாவி, மேல்தளங்களுக்கும் ஏறியது. அணையாத சிகரெட் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தடுப்பு, தரை ஓடு, நாற்காலி என்று பிளாஸ்டிக் நிறைய, அதற்கு மேல் காற்று. ஒரு பயணி இறந்தார்.

உப்புக்காற்று:
மாமா, கேள்வி அம்மாவின் குளிரைப் பற்றி, நீங்கள் தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அந்த விபத்துக்குப் பிறகு சோலாஸ் எனும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளைத் திருத்தினார்கள், 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பால்கனித் தடுப்பு தீப்பற்றாத பொருளில் இருக்க வேண்டும். எரியக்கூடிய மேசை நாற்காலி போட்டால் தீயுணர் கருவியும் தண்ணீர் தெளிப்பானும் வேண்டும். பெரும்பாலான கம்பெனிகளில் பால்கனியில் புகைக்கவே கூடாது. அந்தக் கதை அன்றோடு முடிந்தது.

வரைபலகை சார், நீங்கள் விட்டதை நான் சொல்கிறேன். எட்ஜில் கண்ணாடியை இறக்கினால் ஏசி நின்றுவிடும். கடல் மோசமானால் மாலுமிகள் கப்பலை ஓட்டும் மேடையிலிருந்தே எல்லா ஜன்னலையும் பூட்டிவிடலாம். என் பால்கனியைத் திறக்க எனக்கு இன்னொருவர் அனுமதி வேண்டுமா?

வரைபலகை:
ஏசி நிற்பது எட்ஜில் மட்டும் நடப்பதில்லை. பழைய பாணிக் கப்பல்கள் பலவற்றிலும் பால்கனிக் கதவில் உணரி இருக்கிறது, கதவைத் திறந்து போட்டால் ஏசி அடங்கிவிடும். எட்ஜில் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே மடக்குக் கதவு இருக்கிறது, அதைச் சாத்திவிட்டு ஜன்னலை இறக்கலாம். அனுமதி விஷயமும் அப்படித்தான். பேய்க்காற்று அடித்தால் எந்தக் கப்பலிலும் பால்கனிக்குப் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். பூட்டுவதற்குப் பதில் வாயால் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடியை இறக்கியதும் நடுவில் ஒரு சட்டம் நிற்கும், உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேரே வரும் என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். பால்கனிக் கைப்பிடிக் கம்பியும் கண்ணுக்கு நேரேதான் வருகிறது.

அரைத்தூக்கம்:
இவ்வளவு பேசினீர்கள், தூக்கத்தை ஒருவரும் தொடவில்லையே! ஜூனில் ஜூனோவில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் உதித்துவிடும், மறைவது இரவு பத்துக்கு மேல். வழக்கமான பால்கனியில் சிக்கலே இல்லை. கனத்த திரையை இழுத்து விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. ஒருவர் தூங்கலாம், ஒருவர் கடலைப் பார்க்கலாம்.

எட்ஜ் மாதிரி அமைப்பில் வெளிச்சத்தை மறைக்கும் திரை வெளிக்கண்ணாடியில்தான் இருக்கிறது. நடுவிலுள்ள மடக்குக் கதவும் கண்ணாடி. வராந்தாவில் உட்கார்ந்து வெளியே பார்க்கத் திரையை ஏற்றினீர்களோ, கட்டிலில் படுத்திருப்பவர் முகத்தில் வெயில். இடம் பெரிதுதான், ஆனால் ஒரே இடம். மேடம், உங்கள் வீட்டில் முதலில் எழுவது யார்?

மழைநகரவாசி:
அம்மா. நாலரைக்கு எழுந்து, அப்பா எழுகிற எட்டு மணி வரைக்கும் விளக்குப் போடாமல் இருட்டிலேயே நடமாடுவார். தூக்கம் கலைந்தால் அப்பா மத்தியானம் வரைக்கும் யாரிடமும் பேச மாட்டார். வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன், 'அப்பாவுக்குக் கண்பட்டை வாங்கித் தருகிறேன்' என்கிறார். அவரே போய்க் கட்டிவிடட்டும்.

டெக்மாமா:
எட்ஜிலேயே நிஜப் பால்கனியும் இருக்கிறதுங்க. கப்பலின் பின்கோடியில் 'சன்செட் வெராண்டா' என்ற கேபின்கள், எல்லாம் திறந்த பால்கனி. கப்பலே மறைத்துக்கொள்வதால் எதிர்க்காற்று குறையும், அம்மாவுக்கு நல்லது. பெற்றோருக்கு அது, உங்களுக்குக் கண்ணாடி அறை என்று எடுத்தால் வீட்டில் சண்டையும் இல்லை.

உப்புக்காற்று:
முதல்முறையாக மாமாவோடு ஒத்துப்போகிறேன், ஆனால் முழுதாக இல்லை. பின்கோடியில் கப்பல் துறைக்கு வரும்போதும் கிளம்பும்போதும் அதிர்வு தெரியும். வேறொரு கப்பலில் (பெயர் வேண்டாம்) பின்பக்கப் பால்கனியில் ஈரத் துண்டைக் காயப் போட்டு, காலையில் எடுத்தால் கரிப்பொட்டு. புகைபோக்கியிலிருந்து வந்தது. மறுபடி துவைக்கக் கொடுத்தேன்.

ரைன்கரை:
முழங்கால் நோ உள்ளவருக்குப் பின்கோடி தூரமல்லவா? தியேட்டர் முன்கோடியில். பஃபே பின்பக்கம் என்பதால் சாப்பாட்டுக்குச் சரி. தகப்பனார் இரவில் பாட்டு, கூத்துப் பார்ப்பவரா?

மழைநகரவாசி:
அப்பா எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு யூடியூப் பார்ப்பவர், தியேட்டர் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் தேதியில் சன்செட் வெராண்டா ஒன்றுகூட இல்லை, இப்போதுதான் போன் செய்து கேட்டேன். அதனால் மற்றக் கம்பெனியில் இரண்டு பால்கனி கேபின், நடுக்கப்பலில், லிஃப்டுக்குப் பக்கமாக. நிலைப்படி எவ்வளவு உயரம் என்று கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும்தான் பணம் கட்டுவேன். வீட்டுக்காரர் இன்னும் 240 சதுர அடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். வரைபலகை சார், உங்களால் வந்தது. இனி ஒரே கேள்வி: இடது பக்கமா, வலது பக்கமா? வலது பக்கத்துக்கு ஏஜென்ட் கூடுதலாகக் கேட்கிறார்.

வரைபலகை:
சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்புகிற பயணம்தானே? பெருநிலக்கரை போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். பனியாற்றுக்கு முன்னால் கப்பலை மெதுவாகத் திருப்புவார்கள், இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கூடுதல் காசு கொடுக்காதீர்கள். லைஃப்போட் எந்தத் தளத்துக்கு முன்னால் தொங்குகிறது என்று வரைபடத்தில் பாருங்கள், அதற்கு நேர் மேல்தளம் கிடைத்தாலும் வேண்டாம். கீழே குனிந்தால் தண்ணீருக்குப் பதில் படகின் கூரைதான் தெரியும்.

உப்புக்காற்று:
சரி, கண்ணாடிக் கட்சிக்காரரே பால்கனி பார்த்துக் கொடுக்கிறார். நிலைப்படி உயரம் தெரிந்ததும் இங்கேயும் போடுங்கள் மேடம், எனக்கும் வேண்டும்.