தாள் உப்பினால் சுவர் ஆடும்: பாழடைந்த கட்டடங்களை அனிமேஷனாக வரைய மூன்று மலையூர்களிலிருந்து குறிப்புகள்

குன்னூர்ப் பக்கத்திலிருந்து:

பாழடைந்த கட்டடத்தில் அசைவது கொஞ்சம்தான். அதனாலேயே சின்னப் பிசகும் கண்ணில் குத்தும். அனிமேஷனில் நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் வரும் ஒற்றை நிலைப்படம்). ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம். பத்து நொடிக்கு 120 தாள், அத்தனையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். தாள்களைத் துளையில் மாட்டி நிறுத்தும் பட்டையான பெக் பார் கிடைக்காவிட்டால் ஆபீஸ் பஞ்ச் போதும்: துளை 6 மி.மீ., மையத்துக்கு மையம் 80 மி.மீ. அந்த அளவில் இரண்டு மரக்குச்சிகளை ஸ்கேலில் ஒட்டிக்கொள்ளலாம்.

தென்மேற்கு மழையில் தாள் ஈரம் குடித்து உப்பும். தாளின் நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம் உப்பும். காலைப் படமும் மாலைப் படமும் பொருந்தாமல் சுவர் நடுங்கும். ஒரே கட்டுத் தாளை, ஒரே திசையில் வைத்துத் துளையிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். சுவரை ஒரே தாளில் வரைந்து அடியில் போட்டுவிட்டு, அசைவதை மட்டும் மேல் தாளில் வரைந்தால் பாதித் தலைவலி தீரும்.

உதகையிலிருந்து:

சுவர் சரி, கூரையிலிருந்து சொட்டும் நீர்? பலர் சறுக்குவது அங்கேதான். 3 மீட்டர் விழ ஏறக்குறைய 0.78 நொடி: 19 ஃபிரேம், ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்றால் படங்களுக்கு நடுவே ஒன்பது இடைவெளி. எல்லாம் சமமாக இருந்தால் நூல் கட்டி இறக்கியது போலிருக்கும். இடைவெளிகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும். தாளில் 162 மி.மீ. விழுகிறது என்றால் முதல் இடைவெளி 2 மி.மீ., அடுத்தது 6, பிறகு 10, கடைசி 34.

மாதிரிக்கு இந்து நகரில் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இருக்கிறது. 1967-இல் உற்பத்தி தொடங்கிய இடம். பிலிம் செய்த ஆலையே படமாவதும் பொருத்தம்தான்! ரோட்டில் நின்று மட்டும் ஸ்கெட்ச் போடுங்கள், உள்ளே போகாதீர்கள். இற்றுப்போன கூரை, புதரில் காட்டெருமை, இரண்டுமே சொல்லிவிட்டு வராது.

கொடைக்கானலிலிருந்து:

மூடுபனியைப் படத்துக்குப் படம் வரைந்தால் ஓரம் துடிக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பான டிராஃப்டிங் ஃபிலிமில் (வரைபடம் போடும் பிளாஸ்டிக் தாள்) வெள்ளை பேஸ்டல் பொடியைப் பஞ்சால் தேய்த்து, படத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் 1 மி.மீ. நகர்த்துங்கள். பாலியெஸ்டர் என்பதால் தாள் போல ஈரத்துக்கு உப்பாது.

போனில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமன்) தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டாயம். வெளியே மேகம் கடக்கும்போதெல்லாம் படம் மினுக்கும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி எல்இடி, ஷட்டர் வேகம் 1/50 நொடி. தாளை அழுத்தக் கண்ணாடி வைத்தால் போனுக்கு முன்னால் கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவு ஓட்டை போட்டுப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் பிரதிபலித்துப் பனிக்குள் உங்கள் கை தெரியும்.