ரெஸ்னர், ராஸ் இருவரும் திரையிசைக்கு வந்த வழி: ஒரு கேள்வி

பின்னிரவுக்காட்சி:

அனைவருக்கும் வணக்கம். 'சேலஞ்சர்ஸ்' (2024) படத்தை அண்மையில்தான் பார்த்தேன். இருவர் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது, நடனக்கூடத்துக்குரிய டெக்னோ தாளம் வசனத்தின் தலைமேலேயே வந்து விழுகிறது. முதலில் அது ஒலிக்கலவையில் நேர்ந்த பிழை என்றே நினைத்தேன். பெயர்கள் ஓடும்போது டிரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் என்று பார்த்த பிறகுதான், 'சோல்' அனிமேஷன் படத்தில் மறுவுலகக் காட்சிகளுக்கு வரும் அந்த மிதக்கும் இசையும் இவர்களுடையதே என்பது நினைவுக்கு வந்தது. ரெஸ்னரின் ராக் குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸின் இரைச்சலும் கோபமும் நிறைந்த பாடல்களைக் கல்லூரிக் காலத்தில் கேட்டவன் என்பதால், அந்த மனிதர் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. இவ்விருவரில் யார் எதைச் செய்கிறார்கள்? டாஃப்ட் பங்க் போன்ற பெயர்பெற்ற மின்னிசை இணையே ஒரு படத்தோடு நின்றுவிட்டபோது, இவர்கள் மட்டும் பதினைந்து ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம் என்ன?

நாடாப்பெட்டி:

இக்கதையை 2010இல் வெளிவந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் 2008இலிருந்து தொடங்குவேன். இசை நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்து விடுபட்டிருந்த ரெஸ்னர், ராஸையும் சேர்த்துக்கொண்டு, முன்திட்டம் எதுவும் இல்லாமல் சுமார் பத்து வாரங்களில் உருவாக்கிய 36 வாத்திய இசைத் துண்டுகளை 'கோஸ்ட்ஸ்' என்ற பெயரில் அவ்வாண்டு வெளியிட்டார். அவற்றில் பாடல் வரிகள் இல்லை. துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை, வெறும் எண்கள்தான். படமே இல்லாத பின்னணி இசை என்று அதைச் சொல்லலாம். இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தொகுப்பின்போது அத்துண்டுகளைத் தற்காலிக இசையாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரெஸ்னரை அழைத்தார்.

ரெஸ்னர் முதலில் மறுத்துவிட்டார் என்பது பலருக்கும் தெரியாது. 2009இல் நீண்ட இசைப்பயணத்தை முடித்து, திருமணமும் செய்துகொண்டு, சற்று ஓய்ந்திருக்க விரும்பிய காலம் அது. மறுத்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், சில மாதங்கள் கழித்து மன்னிப்புக் கேட்பதற்காகத் தொலைபேசியில் அழைத்தபோது, ஃபின்ச்சர் இன்னும் வேறு எவரையும் அமர்த்தாமல் அவருக்காகவே காத்திருந்தது தெரியவந்தது.

ராஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் லண்டனைச் சேர்ந்தவர். '12 ரவுண்ட்ஸ்' என்ற குழுவில் இருந்தவர். நைன் இன்ச் நெய்ல்ஸ் 2005இல் வெளியிட்ட 'வித் டீத்' பாடல் தொகுப்பிலிருந்து ரெஸ்னரோடு பணியாற்றுகிறார். ஆயினும் 2016இல்தான் நைன் இன்ச் நெய்ல்ஸின் முறையான உறுப்பினரானார். அதாவது இருவரும் சேர்ந்து ஆஸ்கர் வாங்கிய பிறகும் ஐந்து ஆண்டுகள் அவர் அக்குழுவுக்கு வெளியாள்தான்! யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ரெஸ்னர் வாசித்து மெட்டுகளையும் ஒலிகளையும் குவிப்பார். ராஸ் அவற்றைக் கணினியில் வெட்டி, அடுக்கி, உருவம் கொடுப்பார். கோடு கிழித்தாற்போன்ற பிரிவினை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெட்டுமேசை:

நான் குறும்படங்களுக்குப் படத்தொகுப்பு செய்பவன். தற்காலிக இசையால் வரும் துன்பத்தை அன்றாடம் அனுபவிக்கிறேன். இயக்குநர் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் இசையைக் காட்சிக்கு அடியில் வைத்து, மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பழகிவிடுவார். பிறகு ரீரெக்கார்டிங்குக்கு வரும் இசையமைப்பாளரிடம் "இதே மாதிரி, ஆனால் இது வேண்டாம்" என்பார். ஃபின்ச்சர் விஷயத்தில் வைக்கப்பட்ட தற்காலிக இசையும் இவர்களுடையதாகவே இருந்தது. அதில் இரண்டு துண்டுகள் மெருகேற்றப்பட்டுப் படத்திலேயே இடம்பெற்றன. இப்படி ஒரு வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

நிலைத்திருப்பதற்கான காரணம் என்று நான் கருதுவது அவர்களுடைய வேலைமுறையை. காட்சி வெட்டி முடிந்த பிறகு நொடிக்கணக்குப் பார்த்து இசை எழுதுவதற்கு மாறாக, திரைக்கதையையும் இயக்குநரின் பேச்சையும் வைத்துக்கொண்டு நீளமான துண்டுகளை முன்கூட்டியே உருவாக்கித் தொகுப்பாளர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஃபின்ச்சரின் அடுத்த படமான 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' (2011) படத்துக்கு வெளியான இசைத் தொகுப்பே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். கையில் இவ்வளவு இசை இருந்தால், தொகுப்பாளன் காட்சியை இசைக்கு ஏற்பவும் வெட்ட முடியும். 'தி சோஷியல் நெட்வொர்க்', இந்தப் படம் ஆகிய இரண்டின் தொகுப்பாளர்களான ஆங்கஸ் வால், கிர்க் பாக்ஸ்டர் இருவரும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் படத்தொகுப்புக்கான ஆஸ்கரைப் பெற்றதில் இந்த இசைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். தொழில்பொறாமை என்று நீங்கள் சொன்னாலும் சரி.

ஓர் உதாரணத்தைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம். 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்தின் தொடக்கத்தில், காதலி உறவை முறித்த பிறகு நாயகன் இரவில் ஹார்வர்டு வளாகத்தின் வழியே விடுதிக்குத் திரும்பும்போது, அடியில் ஒரு தாழ்ந்த முனகலும், அதன்மேல் தனித்தனியாக உதிரும் சில பியானோ சுரங்களும் வரும். அந்த மெட்டு படத்தில் மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒலிவாங்கியைப் பியானோவிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி வைத்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். மெட்டு மாறவில்லை, தூரம் மட்டும் கூடுகிறது. ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள்.

மூன்றாம்பக்கம்:

மேலே எழுதியவர்கள் ஃபின்ச்சரின் முதல் இரு படங்களோடு நின்றுவிட்டதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். சிறு மாறுபாடும் உண்டு.

2011 பிப்ரவரியில் இவர்கள் ஆஸ்கர் வென்றபோது அதே பிரிவில் தோற்றவர்களில் '127 ஹவர்ஸ்' படத்துக்காக முன்மொழியப்பட்டிருந்த நம் ஏ. ஆர். ரகுமானும் ஒருவர். அந்த வருத்தத்தில் பல ஆண்டுகள் இவர்களுடைய இசையைக் கேட்காமலேயே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது ஃபின்ச்சரின் 'மேங்க்' (2020) படத்தால். 1940ஆம் ஆண்டையொட்டிய ஹாலிவுட்டைக் காட்டும் அப்படத்துக்காகச் சின்தசைசர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, அக்காலத்து வாத்தியங்களுக்கு மட்டுமே எழுதினார்கள். பெருந்தொற்றுக் காலமானதால் கலைஞர்கள் தத்தம் வீடுகளில் தனித்தனியாக வாசித்ததைச் சேர்த்துத்தான் அந்த ஆர்க்கெஸ்ட்ரா உருவானது. அதே ஆண்டு 'சோல்' படமும் வந்தது. அதன் ஜாஸ் பகுதிகள் ஜான் பாட்டிஸ்ட்டுடையவை, மறுவுலகப் பகுதிகள் இவர்களுடையவை. இரண்டு படங்களும் ஆஸ்கருக்கு முன்மொழியப்பட, 'சோல்' வென்றது. கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட 'சேலஞ்சர்ஸ்' இசைக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை. அதை அநியாயம் என்றே சொல்வேன்.

டாஃப்ட் பங்க் ஒரு படத்தோடு நின்றுவிட்டார்கள் என்ற பேச்சில்தான் நான் மாறுபடுகிறேன். 'டிரான்: லெகசி' (2010) படத்துக்காக ஜோசப் டிராபனீஸ் துணையோடு, லண்டனில் 85 கலைஞர்களைக் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அவர்கள் பதிவுசெய்த இசை இன்றும் பின்பற்றப்படுகிறது. இருவரில் ஒருவரான தோமா பங்கால்டர் 2002இலேயே ஒரு பிரெஞ்சுப் படத்துக்குத் தனியாக இசையமைத்தவர். 2021இல் இணை கலைந்த பின் பாலே நாட்டியத்துக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா இசையும் எழுதினார். ஆகவே திறமைக் குறைவு என்று சொல்ல வழியில்லை. அவர்கள் ஒரு படத்தைத் தங்கள் உலகத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். ரெஸ்னரும் ராஸும் ஒவ்வொரு இயக்குநரின் உலகத்துக்குள்ளும் புகுந்து மறையத் தயாராக இருக்கிறார்கள். 'கான் கேர்ள்' (2014) படத்துக்கு ஃபின்ச்சர் காட்டிய மாதிரி என்ன தெரியுமா? முதுகுவலிக்காகச் சென்ற சிகிச்சையகத்தில் ஒலித்த, மனத்தை ஆற்றுவதுபோல் பாவனை செய்யும் இசை! அதையும் ஏற்றுக்கொண்டு அதற்குள் நஞ்சைக் கலந்து கொடுத்தார்கள்.

பின்னிரவுக்காட்சி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ஹெட்ஃபோனோடு அமர்ந்து மூன்று இடங்களையும் தேடிக் கேட்டேன். முதல் முறை பியானோவின் சுத்திகள் கம்பியைத் தொடும் சத்தம்கூட அருகில் கேட்கிறது. மூன்றாம் முறை யாரோ அடுத்த அறையில் வாசிப்பதைப் போலிருக்கிறது. படத்தை மூன்று முறை பார்த்திருந்தும் இதை நான் கவனித்ததே இல்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: 2025இல் வந்த 'டிரான்: ஏரிஸ்' படத்தில் இவர்கள் பெயருக்குப் பதிலாக நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற பெயரே இருக்கிறதே, அது ஏன்?

நாடாப்பெட்டி:

ஆட்கள் அதே இருவர்தான். அதற்குமுன் அவர்கள் செய்த படங்களில் எல்லாம் தனிப்பெயர்களே வரும். குழுவின் பெயரில் ஒரு படத்துக்கு முழுப் பின்னணி இசை அமைத்தது அதுவே முதல் முறை. பாடல்களோடு கூடிய ஒரு குழுத் தொகுப்பாகவே அது வெளிவந்ததால் அந்தப் பெயர் பொருந்துகிறது. 1982இல் முதல் 'டிரான்' படத்துக்கு வெண்டி கார்லோஸ், 2010இல் 'டிரான்: லெகசி'க்கு டாஃப்ட் பங்க், அதன்பின் இவர்கள் என்று அந்த வரிசையில் மூன்று படங்களின் இசையையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கார்லோஸிலிருந்து தொடங்குங்கள், அவரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.