4 வோல்ட் ஆசிட் பேட்டரி டார்ச்சில் லேப்டாப் செல் மாட்டலாமா?

வாய்க்கால்மேடு:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன எல்இடி டார்ச் இருக்கிறது. பின்பக்கம் தள்ளினால் 2 பின் வெளியே வரும், நேராகச் சுவர் பிளக்கில் செருகி சார்ஜ் போடுகிற வகை. 3 வருஷம் நன்றாக எரிந்தது. அறுவடை முடிந்து 4 மாதம் அலமாரியில் சும்மா கிடந்ததில் பேட்டரி செத்துவிட்டது. விடிய விடிய சார்ஜ் போட்டாலும் 2 நிமிஷம் மினுங்கிவிட்டு அணைகிறது.

அப்பாவுக்குத்தான் இது வேண்டும். மும்முனை கரண்ட் ராத்திரியில் வரும்போது மோட்டார் போட வரப்பு வழியாகப் போவார். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கனமாக இருக்கிறது, பட்டன் விரலுக்கு அகப்படவில்லை என்று 2 நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழையதைப் பிரித்துப் பார்த்தேன். 4 வோல்ட் ஆசிட் பேட்டரி. சின்ன போர்டில் 4 டயோடு, 2 ரெசிஸ்டர், 105ஜே 400வி என்று எழுதிய ஒரு கெப்பாசிட்டர். முன்னால் 1 வாட் எல்இடி. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்ததில் 18650 என்ற லித்தியம் செல் 6 என்னிடம் இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட 4 வோல்ட்தானே? ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே 2 ஒயரில் இதைச் சேர்த்துவிட்டால் போதுமா? சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இருக்கிறது. கைதான் கொஞ்சம் நடுங்கும்.

சிக்கனம்:
அதே 4 வோல்ட் ஆசிட் பேட்டரி எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்குமே. மாற்றிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைத்தால் இப்படிச் சாகாது.

பழையரேடியோ:
தம்பி, இன்னும் மாட்டவில்லையே? அயர்னை அணைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் போர்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 105ஜே என்பது 1 மைக்ரோ ஃபாரட். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 70 மில்லி ஆம்பியரை உள்ளே விடும், அவ்வளவுதான் அதன் வேலை. பேட்டரி நிறைந்ததா என்று பார்க்க அங்கே ஆள் இல்லை. ஆசிட் பேட்டரி அதைப் பொறுத்துக்கொள்ளும். மிஞ்சினால் உள்ளே தண்ணீர் வற்றும், ஆயுசு குறையும். லித்தியம் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொதிக்கும், புகையும், தீப்பிடிக்கும்.

உங்கள் அப்பா கணக்கையே போடுவோம். ராத்திரி 10 நிமிஷம் எரிக்கிறார், 60 மில்லி ஆம்பியர் அவர் போகும். அப்புறம் விடியும்வரை 8 மணி நேரம் சார்ஜ் என்றால் 560 உள்ளே வரும். 2000 கொள்ளும் செல் நாலாவது ராத்திரியே நிறைந்து வழியும். அதுவும் எல்லாரும் தூங்கும் நேரம். என் கடைக்கு ஒருவர் இதே வேலையைப் பழைய போன் பேட்டரியில் செய்துவிட்டு டார்ச்சைக் கொண்டுவந்தார். பேட்டரி அப்பளம் மாதிரி உப்பி, டார்ச்சின் உடம்பே நடுவில் பிளந்திருந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று.

இன்னொன்று. சார்ஜில் இருக்கும்போது அந்த போர்டில் எதைத் தொட்டாலும் அது வீட்டு லைன்தான், டயோடுக்கு இந்தப் பக்கமும்கூட. ஆகவே பழைய பின்னை விட்டுவைத்துக்கொண்டு பக்கத்தில் யுஎஸ்பி ஓட்டை போடலாம் என்று நினைக்கவே வேண்டாம். பின், போர்டு, கெப்பாசிட்டர் மூன்றையும் பிடுங்கிப் போடுங்கள். பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் சரக்கு இருக்கும். இன்சுலேஷன் போட்ட ஸ்க்ரூடிரைவரால் அதன் 2 காலையும் ஒருமுறை சேர்த்துத் தொட்டுவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

லித்தியம்தான் வேண்டுமென்றால் டிபி4056 என்ற யுஎஸ்பி சார்ஜிங் போர்டு ஒன்று வாங்குங்கள், பாதுகாப்பு சர்க்யூட் சேர்ந்தது. வாங்கும்போதே பாருங்கள்: பேட்டரிக்கு 2 முனை, அவுட் என்று தனியாக 2 முனை இருந்தால் அதுதான். செல் பேட்டரி முனையில், எல்இடி ஒயர் அவுட் முனையில். பலர் எல்இடியையும் பேட்டரி முனையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் செல் அடிமட்டம்வரை இறங்கும்போது தடுக்க ஆளில்லை.

அந்த போர்டு 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். லேப்டாப்பில் உழைத்துக் களைத்த செல்லுக்கு அது அதிகம். 122 என்று எழுதிய பொடி ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு 2 கே (2000 ஓம்) போட்டால் 580 மில்லி ஆம்பியர் ஆகிவிடும். கை நடுங்குகிறது என்றீர்களே, அதனால் இதைக் கடையில் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்லில் நேராக ஈயம் வைக்காதீர்கள், சூட்டில் உள்ளே சேதம் ஆகும். ஹோல்டர் போடுங்கள். 6 செல்லையும் முதலில் அளந்து பாருங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போனவற்றை ஒதுக்கிவிடுங்கள். மற்றதை முழுக்க ஏற்றி ஒரு வாரம் சும்மா வையுங்கள். 4.1க்கு மேல் நின்றால் எடுத்துக்கொள்ளலாம். சார்ஜில் கை சுடுகிற செல் எதுவாயிருந்தாலும் வேண்டாம். பிளஸ் பக்கம் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விளிம்பு முழுக்க மைனஸ், தெரியாமல் ஒயர் உரசினால் ஷார்ட்.

செல்லின் நீளம் 65 மில்லிமீட்டர். இடம் போதுமா என்று அளந்துவிட்டு அப்புறம் காசு செலவழியுங்கள்.

ஓம்விதி:
பெரியவர் சொன்னது சரி. எல்இடி பக்கம் ஒரு சின்னச் சேர்க்கை. 1 வாட் எல்இடிக்கு 350 மில்லி ஆம்பியர்தான் எல்லை. அந்த 2 ரெசிஸ்டரில் ஒன்று எல்இடிக்கு உள்ளதாக இருந்தால், போர்டைத் தூக்கி எறியும்போது அதுவும் போய்விடும். நிறைந்த செல் 4.2, எல்இடி எடுப்பது 3.2 அளவு, மிச்சம் 1 வோல்ட். 3.3 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள், 300க்குப் பக்கத்தில் நிற்கும். மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஒருமுறை அளந்தும் பார்த்துவிடுங்கள். செல் இறங்க இறங்க வெளிச்சம் மங்கும். வரப்பில் போகிறவருக்கு அது நல்லதுதான், சார்ஜ் போட நேரமாயிற்று என்று தெரியும்.

வாய்க்கால்மேடு:
3 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 6 செல்லில் 2 தான் தேறியது. ஒன்று 0.8 வோல்ட் காட்டியது, அதையும் உயிர்ப்பிக்கலாமோ என்று ஆசை வந்தது, ஐயா எழுதியதை நினைத்து விட்டுவிட்டேன். ரெசிஸ்டரைக் கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஹோல்டர் 4 மில்லிமீட்டர் இடித்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைப் பழைய பிளேடைச் சூடாக்கி அறுத்தேன். வீடு முழுக்க நாற்றம், அம்மாவிடம் திட்டு.

எல்லாம் பற்றவைத்து செல்லைப் போட்டால் எரியவில்லை. பேட்டரி முனையில் 3.9, அவுட்டில் ஒன்றுமே இல்லை. போர்டு போயிற்று என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா சார்ஜர் ஒயரைச் செருகினேன், உடனே எரிந்துவிட்டது! எடுத்த பிறகும் எரிகிறது. ஏன் ஐயா அப்படி?

இன்னொரு குறை. என் போன் சார்ஜரில் 2 பக்கமும் டைப்-சி ஒயர், அதில் ஏறவில்லை. அம்மா போனின் பழைய ஒயரில் ஏறுகிறது.

பழையரேடியோ:
முதல் தடவை செல் போட்டதும் பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொண்டு நிற்கும். சார்ஜ் ஒரு நொடி காட்டினால் திறக்கும். செல்லை எப்போது கழற்றி மாட்டினாலும் அப்படி ஆகலாம், பயப்படாதீர்கள்.

ஓம்விதி:
ஒயர் சங்கதி: 2 பக்கமும் டைப்-சி என்றால், எதிரே 5.1 கே ரெசிஸ்டர் 2 இருப்பதைப் பார்த்த பிறகுதான் சார்ஜர் கரண்டைத் திறக்கும். மலிவு போர்டில் அதை வைப்பதில்லை. அம்மா ஒயரே போதும்.

வாய்க்கால்மேடு:
நன்றி. அப்பா நேற்றிலிருந்து எடுத்துப் போகிறார். வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பின்னை எங்கேடா காணோம்" என்று மட்டும் கேட்டார். ஒயரைத் தேடுவதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

சிக்கனம்:
ஸ்விட்ச் போர்டு பக்கத்து ஆணியில் நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.