தீபாவளிக்கு எந்த வீடு? மூணு வருஷமா இதே பஞ்சாயத்து

காவிரிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா புலம்பப்போறேன், பொறுத்துக்கங்க.

எங்களுக்கு கல்யாணமாகி மூணு வருஷம். நான் கும்பகோணம், அவர் திருநெல்வேலி பக்கம், ரெண்டு பேருக்கும் சென்னையில வேலை. தலை தீபாவளி எங்க அம்மா வீட்ல, மோதிரம், பட்டு வேட்டி, லேகியம்னு ஜாம்ஜாம்னு போச்சு. தலைப் பொங்கல் அவங்க ஊர்ல. அதுக்கப்புறம்தான் வினை. "தலை தீபாவளிதான் அங்க முடிஞ்சுதே, இனிமே பண்டிகைன்னா நம்ம வீடுதான"ன்னு அத்தை சாதாரணமா சொல்லிட்டாங்க, இவரும் தலையாட்டிட்டார். நான் ஒத்தப் பொண்ணு. போன தீபாவளிக்கு காலைல வீடியோ கால் போட்டா அம்மா பழைய புடவையோட இருக்காங்க, ஏம்மான்னு கேட்டா "புதுசு இருக்கு, நீ வர்றப்போ கட்டிக்கறேன்"ங்கறாங்க. போனை வெச்சுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்.

அத்தை மாமா கெட்டவங்க இல்ல, நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா ராத்திரி முழுக்க ட்ரெயின்ல குலுங்கிக்கிட்டு வந்து இறங்கினா நேரா அடுப்படிதான். சுசியத்துக்கு பூரணம் உருட்டணும், வடைக்கு ஆட்டணும், அது முடிஞ்சா மட்டன் வந்து இறங்கும். இவர் கூட்டாளிங்களோட ஆத்துல குளிச்சிட்டு, ஊர் சுத்திட்டு, இலை போடற நேரத்துக்கு கரெக்டா வந்துடுவார். லீவு அவருக்கு, எனக்கு அது இன்னொரு ஆபீஸ்.

இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, அதுவும் ஞாயித்துக்கிழமை, லீவையே முழுங்கிடுச்சு. பேசாம வேளச்சேரியில நம்ம ஃப்ளாட்லயே கொண்டாடலாம், யார் வீட்டுக்கும் வேணாம்னு சொன்னேன். "பண்டிகையும் அதுவுமா ஃப்ளாட்ல உக்காந்து என்ன பண்றது, ஊர்ல நாலு பேர் கேப்பாங்க"ங்கறார். ட்ரெயின் புக்கிங் இப்பல்லாம் 60 நாளைக்கு முன்னாடிதான், வெள்ளிக்கிழமை கிளம்பணும்னா செப்டம்பர் 7 காலைல எட்டு மணிக்கு போனும் கையுமா உக்காரணும். அதுக்குள்ள ஒரு முடிவு வேணும். உங்க வீட்லல்லாம் எப்படி?

பனங்கிழங்கு:

நாங்க முதல்ல ஒரு வருஷம் அங்க ஒரு வருஷம் இங்கன்னு மாத்தி மாத்தி போனோம் சிஸ், சரிப்படல. எல்லாரும் கணக்கு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க, போன தடவை அங்க மூணு நாள் இருந்தீங்க இங்க ரெண்டு நாள்தான்னு. அப்புறம் பண்டிகையையே பிரிச்சுட்டோம், பொங்கல் அவங்களுக்கு, தீபாவளி எங்க அம்மாவுக்கு. ஏன் அப்படின்னா, என் வீட்டுக்காரர் ஊரும் தெக்கத்திப் பக்கம்தான், அங்க பொங்கல்னா வாசல்ல கோலம் போட்டு, அடுப்புக்கு பொங்கக்கட்டி மூணு வெச்சு, பனை ஓலையில தீ மூட்டி, சூரியனுக்கு நேரா பானை பொங்கும். பனங்கிழங்கு, மஞ்சக்குலை, அத்தனை காய்கறி. இத கேஸ் அடுப்புல குக்கர் வெச்சு செஞ்சா அது பொங்கலே இல்ல. தீபாவளி அப்படியா, எண்ணெயும் புதுத்துணியும் இருந்தா எங்கயும் தீபாவளிதான். இத அவர்கிட்ட இப்படியே சொல்லுங்க, "உங்க பொங்கல நான் கேக்கவே இல்ல"ன்னு ஆரம்பிங்க.

சும்மாதான்:

எதுக்கு இவ்ளோ யோசனை, நீங்க உங்க அம்மா வீட்டுக்கு போங்க அவர் அவங்க அம்மா வீட்டுக்கு போகட்டும். முடிஞ்சுது.

பனங்கிழங்கு:

உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு நல்லா தெரியுது தம்பி.

நெல்லைச்சீமை:

நானும் அந்த ஊர்க்காரன்தான், உங்க வீட்டுக்காரர் மாதிரியே ஆத்துக்கு போயிட்டு சாப்பாட்டுக்கு வந்த ஆளுதான், அதனால சொல்லுதேன். ஊர்ல எந்த நாலு பேரும் கேக்க மாட்டாங்க, அவங்கவங்க வீட்டு இட்லியும் கறிக்குழம்புமா அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. அம்மாகிட்ட வரலைன்னு சொல்ல அவருக்கு வாய் வரல, அதுக்கு இந்த நாலு பேர் ஒரு சாக்கு. ரெண்டாவது, அடுப்படி விஷயத்த ஊர்ல வெச்சு எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, வீம்புக்கு செய்ய மாட்டாரு. சென்னையிலயே பேசுங்க. எனக்கு என் வீட்டுக்காரி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "கறி வாங்கிட்டு வர்றவங்களே கழுவி மஞ்சள் போட்டு வெச்சுடணும்"னு. முதல் வருஷம் எங்க அம்மா மூஞ்சியப் பாக்கணுமே! இப்ப அம்மாவே "ஏல, கறிய கழுவிட்டியா"ன்னு சத்தம் போடுதா.

அப்புறம் ரெண்டு ஊருக்கும் போகணும்னா செந்தூர் எக்ஸ்பிரஸ் இருக்கு, எழும்பூர்ல சாயங்காலம் ஏறினா ராத்திரி கும்பகோணம், அதே வண்டி விடியறதுக்குள்ள திருநெல்வேலி. கல்யாணத்துக்கு முன்னாடியே ரயில்வேக்காரன் உங்களுக்குன்னு விட்ட மாதிரி இருக்கு.

ரெண்டுமருமகள்:

நான் மாமியார் பக்கத்து ஆள், 63 வயசு. புள்ளைங்க வரலைன்னா வருத்தமா இருக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத விட எரிச்சல் எது தெரியுமா, அதிரசத்துக்கு மாவு இடிச்சு பாகு ஊத்தி வெச்சப்புறம் போன் பண்ணி லீவு கிடைக்கலைம்மான்னு இழுக்கறது. வரலைன்னா ஆவணியிலயே சொல்லிடுங்க, மனசு தேறிக்கும். இன்னொண்ணு, நீ சொல்லாத தாயி. உன் புருஷன் சொல்லட்டும், நீ பக்கத்துல கூட நிக்காத. மருமக வாயிலேர்ந்து வந்தா அது தடுக்கறா, மகன் வாயிலேர்ந்து வந்தா அது அவன் முடிவு. நியாயமான்னு கேக்காத, நியாயம் இல்லதான்.

ஃப்ளாட்ல கொண்டாடறேன்னு ரெண்டு சம்பந்தியையும் அங்க கூப்பிட்டு வெச்சுடாத. நாங்க ஒரு வருஷம் பண்ணோம். ஒரு பாத்ரூம், எட்டு பேரு, விடியக்காலம் எல்லாரும் தலையில எண்ணெயோட வரிசையில நிக்கறோம், பட்டாசு வெடிக்க ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும்தான் நேரம்னு பேரன் ஒரு பக்கம் குதிக்கறான், கடைசி ஆள் குளிச்சிட்டு வரும்போது மணி ஏழே கால்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் தேங்க்ஸ். அப்டேட் சொல்லாம போகக்கூடாதுன்னு வந்தேன். ரெண்டுமருமகள் அம்மா சொன்ன மாதிரியே இவரையே பேச சொன்னேன், பொங்கல் பாயின்ட்ட சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன். ஒரு வாரம் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளி, கடைசியில மொட்டை மாடிக்கு போய் பேசினார். அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலயாம், அப்புறம் "அப்ப பொங்கலுக்கு நாலு நாளும் இருப்பீங்கள்ல, நடுவுல ஓடக்கூடாது"ன்னு கேட்டாங்களாம். மாமாதான் ரெண்டு நாளா இவர்கிட்ட பேசல.

செந்தூர் ஐடியா சூப்பர், ஆனா இவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங், அதனால ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல போட்டோம். எட்டு மணி ரெண்டு நிமிஷத்துக்கெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட், எனக்கு கன்ஃபர்ம், இவருக்கு டபிள்யூஎல் 14. பாத்துக்கலாம், இல்லைன்னா கிளாம்பாக்கத்துல பஸ் பிடிக்க வேண்டியதுதான். அம்மாகிட்ட சொன்னேன், உடனே இவர் சட்டை சைஸ் கேட்டாங்க.

ஒரே ஒரு விஷயம். எங்க வீட்ல கேதார கௌரி நோன்பு உண்டு, மட்டன் வாசனையே ஆகாது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குன்னு அப்பா திருட்டுத்தனமா வெளியிலேர்ந்து பிரியாணி வாங்கிட்டு வந்து மாடியில வெச்சு கொடுத்தார். இந்த வருஷம் அந்த சலுகை கிடையாதுன்னு அம்மா இப்பவே சொல்லிட்டாங்க, நான் இன்னும் இவர்கிட்ட சொல்லல.