ட்ரெய்லர் இழுக்கும்போது க்ரூஸ் கண்ட்ரோல்: உங்கள் அனுபவம் என்ன?

டல்லாஸிலிருந்து:

போன கோடையில் குடும்பத்தோடு கொலராடோ போனோம். என்னுடையது பழைய 5.3 லிட்டர் பிக்கப், ஆறு கியர். பின்னால் சாமான் எல்லாம் ஏற்றி 5,000 பவுண்டு வரும் கேம்பிங் ட்ரெய்லர். கியர் தண்டின் நுனியில், பாரம் இழுக்கும்போது கியர் மாறும் விதத்தை மாற்றும் டோ-ஹால் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் பெட்ரோல் குடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, தொடவே இல்லை.

அமரில்லோ தாண்டும் வரை சொர்க்கம். சாலை தோசைக்கல் மாதிரி தட்டை. ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வைத்த வேகத்தைக் காக்கும் க்ரூஸை மணிக்கு 65 மைலில் வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டு ஓட்டினேன். வினை, நியூ மெக்சிகோ எல்லையில் இருக்கும் ரட்டோன் கணவாயில் வந்தது. உயரம் 7,834 அடி. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். எனக்கு அங்கே கால்வாசி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரூஸுக்குத் தெரிந்தது ஸ்பீடாமீட்டர் ஒன்றுதான். எதிரே மேடு இருப்பது அதற்குத் தெரியாது. வேகம் இரண்டு மூன்று மைல் இறங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு ஒரேயடியாக ஆக்சிலரேட்டரைத் திறக்கும். கியர் ஆறிலிருந்து மூன்றுக்கு விழும், இன்ஜின் அலறும், வேகம் வந்ததும் மறுபடி ஐந்து, ஆறு. அரை நிமிடத்தில் திரும்பவும் அதே கூத்து. இப்படி மாறும்போதெல்லாம், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பிடி விட்டுவிடும், உள்ளே எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகும். 190 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த கியர் எண்ணெய் 235-ஐத் தொட்டது. மனைவி, "என்னங்க, வண்டி இப்படிக் கத்துது?" என்றாள். மலை என்றால் அப்படித்தான் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

உச்சி தாண்டியதும் அடுத்தது. க்ரூஸை அணைக்கவே மறந்துவிட்டேன். 65 என்று வைத்தது 74-க்குப் போனது. பிரேக்கை மிதித்து மிதித்து ட்ரினிடாட் ஊருக்கு வந்து சேர்ந்தபோது சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. பெட்ரோல் பங்க்கில் குதிரை ட்ரெய்லரோடு நின்ற ஒரு பெரியவர் மூக்கைச் சுளித்தபடி வந்து கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பட்டனை அழுத்தினாயா?"

திரும்பும்போது அழுத்தினேன். மேல் கியருக்குத் தாவ அவசரப்படவில்லை. ஏற்றத்தில் நான்கிலேயே நின்றது. க்ரூஸை அணைத்து, மேடு தொடங்குமுன் காலாலேயே கொஞ்சம் கொடுத்து, 50-க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டேன். இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டாலே கியர் கீழே இறங்கி இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. எண்ணெய் 210 தாண்டவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

சிட்னியிலிருந்து:

எனக்கு மலையே தேவைப்படவில்லை. ஹியூம் நெடுஞ்சாலையில் கேரவனோடு, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தை மாற்றும் அடாப்டிவ் க்ரூஸில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கார் சட்டென்று முன்னால் புகுந்தது. என் வண்டி தானாக அழுத்திப் பிரேக் போட்டது. பின்னால் இரண்டு டன் இருப்பதை அது கணக்கில் வைத்ததாகவே தெரியவில்லை. கேரவன் வாலாட்ட ஆரம்பித்தது.

நல்லவேளை, முன்பே ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஸ்டீயரிங்கை வெட்டாதே, காலை எடு, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்து. டாஷ்போர்டில் இருக்கும் கண்ட்ரோலரை அழுத்தியதும், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி நேரானது. ஐந்து விநாடி இருக்கும். எனக்கு ஐந்து வருஷம்.

அப்புறம் எடை போட்டுப் பார்த்தால், கொக்கியின் மேல் விழும் பாரம் கேரவன் எடையில் 6 சதவீதம்தான். குறைந்தது 10 வேண்டும். தண்ணீர் கேன்களையெல்லாம் பின்பக்கம் அடுக்கியது நான்தான், க்ரூஸை மட்டும் திட்டி என்ன பயன்?

டென்வரிலிருந்து:

எல்லோரும் க்ரூஸை வில்லனாக்குகிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். புது டீசல் பிக்கப்பில், இன்ஜின் புகை வெளியேறுவதை அடைத்து வண்டியை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் டோ-ஹாலும் சேர்ந்தால் கதையே வேறு. ஐசனோவர் சுரங்கத்திலிருந்து சில்வர்த்தோர்னுக்கு இறங்கும் 7 சதவீதச் சரிவில் க்ரூஸை 50-இல் வைத்து இறங்கியிருக்கிறேன், பிரேக்கைத் தொடவில்லை. பக்கத்திலேயே பிரேக் போன லாரிகள் ஓடி ஏறுவதற்கான சரளைக்கல் பாதை இருக்கிறது, அதைப் பார்த்தாலே கால் தானாகப் பிரேக் மேல் போய்விடும் என்பது உண்மைதான்.

ஆனால் மழை, பனி என்றால் நானும் அணைத்துவிடுவேன். சக்கரம் வழுக்கும் நேரத்தில் வேகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு கருவி ஆக்சிலரேட்டரை அழுத்தக்கூடாது. இன்னொன்று, டல்லாஸ்காரர் 65-இல் போனாரே, ட்ரெய்லர் டயரில் எழுதியிருப்பதைப் படித்தாரா? அந்த வகை டயர் பலவற்றுக்கு 65-தான் உச்ச வரம்பு. 74 என்றதும் எனக்கு அங்கேதான் பகீர் என்றது.

மறுபடி டல்லாஸிலிருந்து:

இப்போதுதான் வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். 65 என்றுதான் போட்டிருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது.

கியர் எண்ணெயையும் மாற்றிவிட்டேன். சிவப்பாக இருக்க வேண்டியது டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. பெட்ரோல் கணக்கும் கேட்பீர்கள்: பட்டன் இல்லாமல் கேலனுக்கு 9.4 மைல், பட்டனோடு 9.1. இந்த 0.3-ஐ மிச்சம் பிடிக்கத்தான் அவ்வளவு பாடு.