பாரம் சுமந்து விரைந்து நடக்க எந்த பூட்ஸ்? மலைநாட்டு அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

எடை குறைந்த, இராணுவப் பாணி டாக்டிக்கல் பூட்ஸ் வாங்கலாமா என்று தம்பிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடற்பயிற்சிக்காக முதுகில் பாரம் ஏற்றி வேகமாக நடப்பவருக்கு எடை முக்கியம்தான். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்தாறு கிலோவுக்கு ஈடாகக் களைப்பைத் தரும் என்று இராணுவத் தேவைக்காகச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய முழுத்தோல் பூட்ஸ் ஒரு காலுக்கே 800 கிராமைத் தொடும். நைலோன் துணி வைத்துத் தைத்த இன்றைய பூட்ஸ் ஓர் இறாத்தல் பாண் அளவுக்குத்தான் கனக்கிறது. அமெரிக்கக் காலாட்படையில் தகுதிச் சின்னம் பெற 35 இறாத்தல் பாரத்தோடு 12 மைலை 3 மணித்தியாலத்துக்குள் கடக்க வேண்டும். அந்த வேகம் சமதரைக்குச் சரி. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

எங்கள் பக்கத்தில் பூட்ஸின் குணம் இறக்கத்தில்தான் தெரியும். சிவனொளிபாதமலையில் 5,000க்கும் அதிகமான படிகள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், கால் சும்மா இருக்கும். இறங்கும்போது 15 கிலோ பை பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு படியிலும் பாதம் முன்னோக்கிச் சறுக்கி விரல் நுனி சப்பாத்தின் மூக்கில் போய் முட்டும். என்னோடு வந்த கொட்டகலைத் தம்பி ஒருவர் கடையில் "கச்சிதமாக இருக்கிறது" என்று மகிழ்ந்து வாங்கிய பூட்ஸை, அடிவாரத் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்து கழற்றினார். இரண்டு பெருவிரல் நகங்களும் நாவற்பழ நிறம். கொஞ்ச நாளில் இரண்டும் கழன்று விழுந்தன.

ஆகவே கடைக்குப் பின்னேரத்தில் போங்கள். நடந்து நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடும் தடித்த காலுறையையே போட்டுப் பாருங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் இறங்கிப் பாருங்கள், விரல் முட்டக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நாடா கட்டுவதிலும் ஒரு வழி இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது துளைக்கும் முதல் துளைக்கும் நடுவில் இரு பக்கமும் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் கோர்த்து இறுக்குங்கள். குதிகால் பின்னால் போய் அமர்ந்துவிடும். பாதம் முன்னே வராது.

பண்டாரவளையிலிருந்து:

ஹட்டன் அண்ணன் இறக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். ஒஹியவிலிருந்து பம்பரக்கந்தை பக்கமாக இறங்கும் வழியில் மழைக்காலத்தில் ஓடையும் பாதையும் ஒன்றாகிவிடும். நண்பர் ஒருவர் தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் சவ்வு வைத்த பூட்ஸில் வந்தார். முதல் ஒரு மணித்தியாலம் அவர் கால் மட்டும் காய்ந்திருந்தது, எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு முழங்கால் அளவு ஓடை ஒன்று வந்தது. தண்ணீர் மேல்வழியாக உள்ளே போயிற்று. வெளியே வர வழியில்லை. நடக்கும்போதெல்லாம் உள்ளே சளக் சளக் என்று சத்தம். காலிலேயே தண்ணீரைச் சுமந்தால், எடை குறைந்த பூட்ஸுக்குக் கொடுத்த காசு வீண்தானே?

நான் போட்டிருந்தது காட்டு பூட்ஸ் வகை. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் போட்ட அமைப்பு: மேலே துணி, உள்வளைவில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள், அடியில் சேற்றை உதறிவிடும் பனாமா வகை அடிப்பாகம். ஓடையைத் தாண்டியதும் அடி வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஈரம் மட்டுமே மிஞ்சியது. ஈரக் கால் கொப்புளம் போடும் என்பது உண்மை. மாற்றுக் காலுறை ஒரு சோடி பையில் இருக்க வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம்.

அட்டை வருமே என்பீர்கள். வடிதுளையில் வலைக்கம்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதைவிட முக்கியம் பூட்ஸின் நாக்கு. இரு பக்கமும் மேல்வரை துணி வைத்துத் தைத்திருந்தால் அட்டைக்கு அந்த வழி அடைபடும். தைக்காத நாக்கு என்றால் நூல் மாதிரி மெலிந்து நாடாத் துளையருகே நுழைந்து, காலுறைக்குள் உருண்டையாகக் கிடக்கும். அட்டை உறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டி, சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம்.

கண்டியிலிருந்து:

எல்லாரும் ஏன் பூட்ஸ் பூட்ஸ் என்கிறீர்கள்? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களூடே போகும் பெக்கோ ட்ரெயில் நடைபாதை 300 கிலோமீற்றருக்கும் மேல், 22 கட்டங்கள். நான் நடந்த கட்டங்களில் பெரும்பகுதி தோட்டப் பாதைதான். 10 கிலோ பையோடு, காட்டுப் பாதை ஓட்டத்துக்கான தாழ்ந்த சப்பாத்தில் சுகமாகப் போனேன். அப்புத்தளையைத் தாண்டி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதற்குச் சம்பளம் தருகிறார்களா தம்பி?" என்று கேட்டார். அவர் காலில் இரப்பர் செருப்பு. முதுகில் இருந்தது என்னுடையதைவிடப் பெரிய மூட்டை.

ஹட்டனிலிருந்து:

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. 10 கிலோவுக்குச் சப்பாத்து போதும். 15ஐத் தாண்டி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிகளுக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கும்போது கணுக்காலை மூடியிருப்பது எனக்கு நிம்மதி. அந்த அக்காவின் பாதம் அந்த மலையிலேயே பழகியது. நம் பாதம் பஸ்ஸில் பழகியது.

நுவரெலியாவிலிருந்து:

பழைய இறக்குமதி பூட்ஸ் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. புதிது போலவே இருக்கும், விலையும் பாதிதான். ஆனால் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பொலியூரித்தேன் நுரையாக இருந்தால், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைத்துவிடும். எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நமுனுகுலையில் இறங்கும்போது முன்னால் போன இளைஞரின் அடிப்பாகம் குதிகாலிலிருந்து வாயைப் பிளந்தது. குனிந்து தொட்டால் பிஸ்கட் தூள் போலக் கையில் உதிர்ந்தது. மூட்டைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, விந்தி விந்திக் கீழே வந்து சேர்ந்தார். வாங்குமுன் நடு அடுக்கைப் பெருவிரலால் அழுத்துங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால், ஒட்டும் பிசுபிசுப்பு இருந்தால், வைத்துவிட்டு வாருங்கள். நடு அடுக்குக்கு வைக்கும் இன்னொரு வகையான ஈவிஏ நுரை இப்படி உதிராது. நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆழமான பற்கள் உள்ள அடிப்பாகம் செம்மண் சேற்றுக்கு நல்லது. பாசி பிடித்த சீமெந்துப் படியில் அதே பூட்ஸ் வழுக்கும். அங்கே இரப்பரின் மென்மைதான் பிடிக்கும். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டும்.

பதுளையிலிருந்து:

நிறத்தையும் யோசியுங்கள் அண்ணன்மாரே. மண்ணிற பூட்ஸ், பச்சை முதுகுப்பை, ஒட்ட வெட்டிய முடி, விடியற்காலை நான்கரை மணி. சாலையில் மறித்த அதிகாரி, "பைக்குள் என்ன?" என்றார். "மணல்" என்றேன். "எதற்கு மணல்?" என்றார். "நடப்பதற்கு" என்றேன். அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பையைக் கொட்டச் சொல்லி, மணலைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். இப்போது கறுப்புக்கும் சாம்பலுக்கும் மாறிவிட்டேன். இராணுவப் புள்ளித் துணி எதிலும் கிடையாது. பாரத்துக்கு அரிசிப் பை வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் விளக்கம் தேவைப்படவில்லை.

கண்டியிலிருந்து:

அரிசி நனைந்தால்?

பதுளையிலிருந்து:

இரண்டு பொலித்தீன் உறை, தம்பி.