7 வினாடித் துடிப்பு பிடிபடவில்லை: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாராவது உதவ முடியுமா?

வணக்கம். ஆர்எக்ஸ் ஜே1856.5-3754 என்ற தனித்த நியூட்ரான் விண்மீனை எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கி பதிந்த தரவை, காரைக்குடியில் மாணவர்களோடு அலசுகிறோம். 2007-இல் இதில் 7.055 வினாடித் துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. துடிப்பின் அளவோ (ஒளி ஏறி இறங்கும் பங்கு) 1.2 சதவீதம்தான். எங்களுக்கு அது பிடிபடவில்லை.

இதுவரை செய்தது: அந்தத் தொலைநோக்கியின் பிஎன் கேமரா, சில்லின் சிறு பகுதியை மட்டும் வேகமாகப் படிக்கும் சிறுசாளர முறையில் எடுத்த தரவு மட்டும். 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வினாடிக்கு 0.4 எண்ணிக்கையைத் தாண்டிய நேரங்களை வெட்டினோம். அவை புரோட்டான் வெடிப்புகள், விண்மீனுடையவை அல்ல. ஆற்றல் வரம்பு 0.15 முதல் 1.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை. விண்மீனின் எக்ஸ்-கதிர் மிக மென்மையானது (குறைந்த ஆற்றல் கொண்டது), அதற்கு மேலே பெரும்பாலும் பின்னணிதான். ஃபோட்டான் வந்த நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றும் பேரிசென் நிரலும் ஓட்டியாயிற்று.

எங்கள் சந்தேகம் ஃபோட்டான் எண்ணிக்கை மேல்தான். துடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு ஹார்மோனிக் இசட்-ஸ்கொயர் புள்ளியியல் சோதனையில் எதிர்பார்க்கும் மதிப்பு சுமார் என்எஃப்²/2 (என் ஃபோட்டான் எண்ணிக்கை, எஃப் துடிப்பின் அளவு). 30-ஐத் தொட 4 லட்சம் ஃபோட்டான் தேவை. ஒரே அவதானிப்பை வெட்டிய பிறகு எங்களிடம் அதில் பாதிகூட இல்லை.

பல ஆண்டுத் தரவைத் துடிப்பின் கட்டம் (ஃபேஸ்) பிசகாமல் இணைப்பதா, தனித்தனியே தேடி இசட் மதிப்புகளைக் கூட்டுவதா? 0.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே கேமராவின் மின்னணு இரைச்சலை எப்படி வடிகட்டுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நேரில் வர முடிந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் கணினியோடு காத்திருக்கிறார்கள்.